கூட்டணி இருந்தால் போர் வந்துவிடுமா? பத்தாம் வகுப்பில் முதல் உலகப்போரின் காரணங்களைக் கற்பித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்வழி அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று. பத்தாம் வகுப்பில் 36 மாணவர்கள். சமூக அறிவியல் பாடநூலில் வரலாற்றின் முதல் பாடமே முதல் உலகப்போர் என்பதால், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் எடுக்க வேண்டிய பாடம் இது. பாடநூல் காரணங்களைத் தலைப்பு வாரியாகத் தருகிறது: ஏகாதிபத்தியப் போட்டி, கூட்டணிகள், வன்முறை சார்ந்த தேசியம், ஜெர்மன் பேரரசரின் போக்கு, பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இருந்த பகை, பால்கன் (தென்கிழக்கு ஐரோப்பா) சிக்கல். கடைசியில் உடனடிக் காரணமாக, ஆஸ்திரியா-ஹங்கேரியின் இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு சுட்டுக் கொல்லப்பட்ட சரயேவோ படுகொலை வருகிறது.

இந்தத் தலைப்புகளை வரிசையாக எழுதினால் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை ஆகிவிடும். மாணவர்களும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் "கூட்டணி இருந்தது, சரி. அதனால் எப்படிப் போர் வந்தது?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பல ஆண்டுகளாக இதே பாடத்தை நடத்திவரும் ஆசிரியை இம்முறை அந்த இடத்தைச் சரிசெய்ய முயன்றார். அதே பள்ளியின் மற்றோர் ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து வகுப்புகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். ஒரு பாடவேளை 45 நிமிடம்.

தொடக்கத்தில் கண்டது

பாடத்தைத் தொடங்கும் முன் ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, "1914இல் ஏன் போர் வந்தது? மூன்று வரியில் எழுதுக" என்று கேட்கப்பட்டது. புத்தகம் திறக்கக் கூடாது, பெயர் எழுத வேண்டாம். தாள்களைப் பிரித்துப் பார்த்தபோது நான்கு வகை விடைகள் இருந்தன. ஒரு பங்கினர் ஹிட்லரை எழுதியிருந்தார்கள். இரண்டு உலகப்போர்களையும் ஒன்றாக எண்ணுவது இந்த வயதில் எல்லாப் பள்ளிகளிலும் காண்பதுதான். ஒரு காலக்கோடு வரைந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இன்னொரு பங்கினர் "இளவரசரைக் கொன்றதால்" என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். சிலர் ஒரே நாட்டின் மீது பழியைப் போட்டார்கள். மிச்சத் தாள்கள் வெறுமையாக இருந்தன.

கவனிக்க வேண்டியது இரண்டாவது வகை. இளவரசர் கொலையை எழுதியவர்களில் பலர், செர்பிய அரசே ஆள் அனுப்பிக் கொன்றது என்று எழுதியிருந்தார்கள். சுட்ட கவ்ரிலோ பிரின்சிப் 19 வயது போஸ்னிய செர்பியர். ஆஸ்திரியா-ஹங்கேரி தன் ஆட்சியில் வைத்திருந்த போஸ்னியாவிலேயே பிறந்தவர். ஆயுதமும் உதவியும் செர்பியப் படை அதிகாரிகள் சிலர் நடத்திய இரகசிய அமைப்பிடமிருந்து வந்தன. இந்த வேறுபாடு தெரியாவிட்டால், ஆஸ்திரியா எதற்காகச் செர்பியாவில் நடக்கும் கொலை விசாரணையில் தன் அதிகாரிகள் பங்கேற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது, செர்பியா ஏன் அதை மட்டும் மறுத்தது என்பது புரியாது.

முதல் முயற்சி: கயிறு

கூட்டணிகளை விளக்க ஆசிரியை பலரும் கையாளும் வழியையே எடுத்தார். ஏழு மாணவர்களை நிற்கவைத்து, மார்பில் நாட்டின் பெயர் எழுதிய தாளைக் குத்தி, நட்பு நாடுகளுக்கிடையே நைலான் கயிறு கட்டுவது. ஆஸ்திரியா செர்பியாவைப் பிடித்து இழுத்ததும் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்சு, பிரிட்டன் என்று ஒவ்வொருவராகத் தள்ளாடி நடுவில் வந்து சேர்வார்கள். ஒரே பாடவேளையில் முடியும், செலவில்லை, மாணவர்கள் மறக்கவும் மாட்டார்கள் என்பவை இதைத் தேர்ந்ததற்கான காரணங்கள்.

வகுப்பு கலகலப்பாகத்தான் போனது. இத்தாலியாக நின்ற மாணவிதான் சிக்கலைக் கண்டுபிடித்தாள். "மிஸ், எனக்கும் கயிறு கட்டியிருக்கீங்க. ஆனா இத்தாலி ஜெர்மனி கூடப் போகலையே. அப்போ நான் எங்க நிக்கிறது?"

கேள்வி மிகச் சரியானது. 1882இல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியோடு முக்கூட்டு உடன்படிக்கையில் சேர்ந்த இத்தாலி, 1914 ஆகஸ்டில் நடுநிலை வகித்தது. ஆஸ்திரியாவே போரைத் தொடங்கியிருக்கிறது, தற்காப்புக்கான உடன்படிக்கை தன்னைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் வாதம். 1915 மே மாதம் எதிர் அணியோடு சேர்ந்து ஆஸ்திரியா மீதே போர் அறிவித்தது. ஆசிரியை இதைச் சொன்னார். நேரம் முடிந்துவிட்டதால் அதற்கு மேல் போகவில்லை.

மறுநாள் நடந்த சிறுதேர்வில் கிட்டத்தட்ட எல்லோரும் எழுதிய வரி இதுதான்: "கூட்டணி இருந்ததால் எல்லா நாடுகளும் போருக்குள் இழுக்கப்பட்டன." கயிறு தவறான பாடத்தை ஆணியடித்தாற்போல் பதித்துவிட்டது. இழுக்கப்பட்டவர்களுக்கு மனம் கிடையாது. தலைவர்கள் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவுகளுக்கு அதில் இடமே இல்லை.

கட்டிய கயிறுகளை உண்மையோடு ஒப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம். ரஷ்யா செர்பியாவுக்காகப் போரிட வேண்டும் என்று எந்த உடன்படிக்கையும் இல்லை. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே 1904இல் ஏற்பட்டது பெரும்பாலும் குடியேற்ற நாடுகள் (காலனிகள்) பற்றிய இணக்கம். போரில் உதவ வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் செய்துகொண்டதும் அப்படியே. ஆக உறுதியாகக் கட்டக்கூடிய கயிறுகள் 1879இன் ஜெர்மனி–ஆஸ்திரியா உடன்படிக்கையும் 1894இன் பிரான்சு–ரஷ்யா உடன்படிக்கையும்தான். அவற்றில் முதலாவதும் 1914இல் தலைகீழாகத்தான் நடந்தது. ஆஸ்திரியாவுக்குத் துணையாக வந்த ஜெர்மனி ஆகஸ்ட் 1 அன்றே ரஷ்யா மீது போர் அறிவித்தது. யாருக்காக வந்ததோ அந்த ஆஸ்திரியா, ரஷ்யா மீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 6இல்.

மாற்றிய திட்டம்

அடுத்த நான்கு பாடவேளைகளுக்குத் திட்டம் மாறியது. 1914 ஜூன் 28 முதல் ஆகஸ்ட் 4 வரையிலான 37 நாள்களை முடிவுகளின் வரிசையாக எடுப்பது. நீண்டகாலக் காரணங்களை அந்த முடிவுகளுக்குப் பின்னால் பொருத்துவது. பாடநூலின் வரிசைக்கு இது நேர் எதிர். நாற்பது ஆண்டுப் பின்னணியை முதலில் சொன்னால் படுகொலை நடக்கும்போதே போர் தீர்மானமாகிவிட்டது போல் தோன்றுகிறது. ஜூலையிலிருந்து தொடங்கினால், "இவர் ஏன் இப்படி முடிவெடுத்தார்?" என்ற கேள்விக்கு விடையாகப் பின்னணி தானே தேவைப்படுகிறது. கூடுதல் நேரத்துக்காக ஜப்பானின் எழுச்சி பற்றிய பகுதி வீட்டில் வாசித்துக் குறிப்பெடுக்கும் வேலையாக மாற்றப்பட்டது.

கருவி, அட்டைகள். ஏஃபோர் தாளை நான்காக வெட்டினால் ஓர் அட்டை. குழுவுக்கு 18 நிகழ்வு அட்டைகளும் 2 வெற்று அட்டைகளும், ஆக ஐந்து தாள். ஆறு குழுக்களுக்கு 30 தாள் ஜெராக்ஸ். ஒவ்வொரு நிகழ்வு அட்டையிலும் யார், என்ன செய்தார் என்பது மட்டும் இருக்கும், தேதி இருக்காது. தேதி போட்டுக் கொடுத்தால் மாணவர்கள் எண்ணைப் பார்த்து அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்கள். ஒரு நிகழ்வு நடக்க அதற்குமுன் எது நடந்திருக்க வேண்டும் என்று வாதாடி அடுக்கினால்தான் காரணத் தொடர்பு பிடிபடும். சரியான தேதிப் பட்டியல் ஆசிரியையிடம் இருந்தது. அடுக்கி முடித்த குழுவுக்குத்தான் அது காட்டப்பட்டது.

அட்டைகளில் இருந்தவை: படுகொலை, ஜூலை 5 அன்று ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையின்றித் தந்த ஆதரவு வாக்கு, ஜூலை 23 மாலை செர்பியாவிடம் கொடுக்கப்பட்ட, 48 மணி நேரக் கெடுவுடன் கூடிய பத்துக் கோரிக்கைகள், ஜூலை 25இல் செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இணங்கி, ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணையில் பங்கேற்பதை மறுத்தது, ஜூலை 26இல் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் எட்வர்டு கிரே நான்கு நாடுகளின் மாநாட்டுக்கு அழைத்தது, ஜூலை 28 காலை செர்பியாவின் பதிலைப் படித்த ஜெர்மன் பேரரசர் கெய்சர் இரண்டாம் வில்லியம் இனிப் போருக்குக் காரணமில்லை என்ற பொருளில் குறிப்பெழுதியது, அதே நாளில், அந்தக் கருத்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குப் போய்ச் சேரும் முன்பே ஆஸ்திரியா போர் அறிவித்தது, ஜூலை 29இல் ரஷ்யப் பேரரசர் ஜார் முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டு அன்றிரவே அதை நிறுத்திவைத்தது, 30இல் மீண்டும் ஆணையிட்டது, 31இல் ஜெர்மனி விதித்த கெடு, ஆகஸ்ட் 1இல் ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது, அன்றே படையைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று கெய்சர் கேட்டதும் தளபதி மோல்ட்கே முடியாது என்றதும், 2இல் பெல்ஜியத்துக்குக் கெடு, 3இல் பிரான்சு மீது போர் அறிவிப்பு, இத்தாலியின் நடுநிலை, 4இல் பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைந்தது, அன்றிரவு பிரிட்டன் போரில் இறங்கியது, 6இல் ஆஸ்திரியா–ரஷ்யா.

வெற்று அட்டைகள் இரண்டும் முக்கியம். "இவர் இதற்குப் பதிலாக வேறு எதைச் செய்திருக்க முடியும்?" என்பதை எழுதி, அந்த நிகழ்வுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்த நாளில் அந்த நாட்டுக்குத் தெரிந்திருக்கக்கூடியதை மட்டும் வைத்தே எழுத வேண்டும் என்பது விதி. பின்னால் இலட்சக்கணக்கானோர் சாவார்கள் என்று நமக்குத் தெரியும். ஜூலை 1914இல் யாருக்கும் தெரியாது.

வகுப்பில் நடந்தது

முதல் நாள் முழுவதும் அடுக்குவதிலேயே போனது. ஆறு குழுக்களும் திணறியது ஒரே இடத்தில்: படைதிரட்டல் அட்டைகள். போர் அறிவிப்பதும் படைதிரட்டுவதும் ஒன்றுதான் என்று நினைத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார்கள். இங்கே ஆசிரியை அடுக்குவதை நிறுத்தி, பத்து நிமிடம் கரும்பலகையில் விளக்கினார். பயிற்சி முடித்து வீட்டிலும் வயலிலும் ஆலையிலும் இருக்கும் இலட்சக்கணக்கான ஆண்களைக் கூப்பிட்டு, உடையும் துப்பாக்கியும் கொடுத்து, ரயிலில் ஏற்றி எல்லைக்குக் கொண்டு சேர்ப்பதுதான் படைதிரட்டல். ரஷ்யாவுக்குத் தூரம் அதிகம், ரயில்பாதை குறைவு, நாள் பிடிக்கும். ஜெர்மனியின் திட்டமோ பெல்ஜியம் வழியாகப் புகுந்து சுமார் ஆறு வாரத்தில் பிரான்சை வீழ்த்திவிட்டு, பிறகு ரஷ்யா பக்கம் திரும்புவது. ரஷ்யா முந்திக்கொண்டு தொடங்கும் ஒவ்வொரு நாளும் ஜெர்மனிக்கு அந்த ஆறு வாரத்தில் கழிகிறது. அதனால்தான் செர்பியாவில் தொடங்கிய சண்டைக்கு முதல் பெரிய அடி பெல்ஜியத்தில் விழுந்தது. இதைக் கேட்ட பிறகே ஜூலை 30இலிருந்து ஆகஸ்ட் 4 வரையிலான அட்டைகள் சரியான இடத்தில் உட்கார்ந்தன.

இரண்டாம் நாள் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாடு: ஆஸ்திரியா-ஹங்கேரி, செர்பியா, ரஷ்யா, ஜெர்மனி, பிரான்சு, பிரிட்டன். ரஷ்யக் குழுவில் ஒரு மாணவன், "தேரை நிலையிலிருந்து கிளப்பிட்டா நடுவுல நிறுத்த முடியுமா மிஸ்? அதான் ஜாரால நிறுத்த முடியல" என்றான். வகுப்பு ஒப்புக்கொண்டது. எதிர்க் குழுவிலிருந்து உடனே மறுப்பு: "முட்டுக்கட்டை போடுவாங்கல்ல? ஜாரே 29ஆம் தேதி போட்டாரே!" விவாதம் அங்கிருந்து வேறு தளத்துக்குப் போனது. ஒவ்வொரு தலைநகரிலும் முட்டுக்கட்டை யார் கையில் இருந்தது, போடாததற்கு அவர் சொன்ன காரணம் என்ன என்று தேடத் தொடங்கினார்கள். 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது ரஷ்யா எதிர்த்துவிட்டுப் பின்வாங்கியதும், மறுமுறையும் பின்வாங்கினால் பால்கனில் தன்னை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று ஜாரின் அமைச்சர்கள் அஞ்சியதும் இந்த இடத்தில்தான் சொல்லப்பட்டன. பால்கன் சிக்கல் என்ற பாடநூல் தலைப்பு, ஒருவர் முடிவுக்கான காரணமாக வகுப்புக்குள் வந்தது இப்படித்தான்.

சோதனைக் கேள்வி

மூன்றாம் நாள் பலகையில் ஒரே கேள்வி: இதே கூட்டணிகள் 1908இல் இருந்தன, 1911 மொராக்கோ நெருக்கடியின்போது இருந்தன, 1912–13 பால்கன் போர்களின்போதும் இருந்தன. அப்போதெல்லாம் ஏன் பெரும்போர் வரவில்லை?

இந்தப் பாடத்துக்கு வைக்கக்கூடிய கேள்விகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. மனப்பாடம் செய்த எந்தத் தலைப்பாலும் இதற்கு விடை சொல்ல முடியாது. முதல் பத்து நிமிடம் ஊகங்களாகவே வந்தன. பிறகு 1912இல் லண்டனில் தூதர்கள் கூடிப் பேசியதும், அப்போது ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு வரம்பில்லாத உறுதிமொழி தராமல் பிரிட்டனோடு சேர்ந்து அடக்கி வாசித்ததும் சொல்லப்பட்டன. "அப்போ ஜூலை 5தான் மாறுன இடம்" என்று இரு குழுக்கள் வந்து நின்றன. இன்னொரு குழு ஜூலை 30 என்றது. இரண்டுக்கும் வரலாற்று ஆய்வாளர்களிடையே ஆதரவாளர்கள் உண்டு என்று சொல்லி ஆசிரியை தீர்ப்பு வழங்காமல் விட்டார். சரியான முடிவு அது.

பாடவேளையின் முடிவில் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி: "இதுல இந்தியா எந்த உடன்படிக்கையில கையெழுத்துப் போட்டுச்சு?" எதிலும் இல்லை. பிரிட்டன் போரில் இறங்கியதும் இந்தியாவும் இறங்கியதாக ஆனது. இங்கே யாரிடமும் கேட்கவில்லை. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து போனார்கள், 74,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்தது. உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கான கல்வெட்டு இன்றும் இருக்கிறது. எம்டனைப் பாட்டி சொல்லிக் கேள்விப்பட்டவர்கள் வகுப்பில் இருந்தார்கள்; அது இந்தப் போரைச் சேர்ந்தது என்று தெரிந்தவர்கள் இல்லை. ஏகாதிபத்தியம் என்ற முதல் தலைப்புக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எழுத்துக்குக் கொண்டுவருதல்

பொதுத்தேர்வில் விடைத்தாளைத் திருத்துபவர் விடைக்குறிப்பில் உள்ள தலைப்புகளைத்தான் தேடுவார். அதனால் மாணவர்களுக்குத் தரப்பட்ட முறை: பாடநூல் தலைப்பை அடிக்கோடிட்டு எழுது, கீழே ஒரு வரியில் அந்த நிலைமை என்ன என்று எழுது, அடுத்த வரியில் 1914இல் அதனால் யார் என்ன முடிவெடுத்தார் என்று எழுது. ஒரு தலைப்புக்கு மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. இல்லையென்றால் நேரம் பற்றாது.

முன்பு "கூட்டணிகளால் போர் வந்தது" என்று மட்டும் எழுதிய ஒரு மாணவரின் புதிய விடையில் இந்த வரிகள் இருந்தன: "ஜெர்மனி ஆதரவு தருவதாகச் சொன்னதால் ஆஸ்திரியா செர்பியாவின் பதிலை ஏற்கவில்லை. இத்தாலியும் அதே கூட்டணிதான், ஆனால் வரவில்லை."

விளைவு

இடைப்பருவத் தேர்வில் இந்தக் கேள்விக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் குறைந்தது இரண்டு தலைப்புகளையாவது ஒரு முடிவோடு இணைத்திருந்தார்கள். ஹிட்லர் காணாமல் போயிருந்தார். தலைப்புகளை மட்டும் அடுக்கியவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் அட்டை வகுப்புகளில் ஒன்றிரண்டுக்கு வராதவர்கள். கயிறு விளையாட்டின் "இழுக்கப்பட்டன" என்ற சொல் சில தாள்களில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் பதிந்தது அவ்வளவு எளிதில் கழுவப்படுவதில்லை.

எதிர்பாராத விளைவு ஒன்றும் இருந்தது. எல்லா நாடும் முடிவெடுத்தது, அதனால் எல்லா நாடும் சமமான குற்றவாளி என்று சில மாணவர்கள் முடித்திருந்தார்கள். ஒரே நாட்டின் மீது பழி போட்ட பழைய விடைக்கு இது மறுகோடி. பெல்ஜியமும் முடிவெடுத்தது, ஜெர்மனியும் முடிவெடுத்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்துகொண்ட வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆவது பிரிவு போரின் பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியதைப் பின்னால் நடத்தும்போது இந்தக் கணக்கை மீண்டும் எடுக்க வேண்டியிருந்தது.

மாற்ற வேண்டியவை

கயிறு விளையாட்டை முழுவதும் கைவிடலாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் கட்டாய உடன்படிக்கைக்கு மட்டும் கயிறு, மற்ற நட்புகளுக்கு வெறுமனே கைகோத்தல்; இத்தாலி தன் கயிற்றைத் தானே அவிழ்க்கட்டும்.

அட்டை வாசகங்கள் நீளம். சில அட்டைகளில் ஐம்பது சொல் வரை இருந்ததால், வாசிப்பில் பின்தங்கியவர்கள் குழுவில் ஒருவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். இருபது சொல்லுக்குள் சுருக்கி, எழுத்தைப் பெரிதாக்க வேண்டும்.

செர்பியக் குழுவுக்கு ஜூலை 28க்குப் பிறகு வேலையே இல்லை. அரை மணி நேரம் சும்மா இருந்த ஆறு பேர் பக்கத்துக் குழுவையும் கெடுத்தார்கள். ஆகஸ்ட் 2 முதல் அதே குழு பெல்ஜியமாக மாறிவிடலாம். ஜெர்மனியின் கெடுவுக்கு என்ன பதில் சொல்வது, 1839இல் தனக்குத் தரப்பட்ட நடுநிலை உறுதியை யாரிடம் நினைவூட்டுவது என்று அவர்களுக்குக் கனமான வேலை கிடைக்கும்.

பொறுப்பைத் தரவரிசைப்படுத்தும் வேலை கடைசி நாளுக்குள்ளேயே வர வேண்டும். ஆறு நாடுகளை ஒன்று முதல் ஆறு வரை வரிசைப்படுத்தி, முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் ஆளுக்கொரு அட்டையைச் சான்றாகக் காட்டச் சொன்னால், "எல்லாரும் சமம்" என்று நழுவ முடியாது.

சுவரில் தொங்கியது இன்றைய ஐரோப்பிய வரைபடம். அதில் ஆஸ்திரியா-ஹங்கேரி இல்லை, போலந்து இருக்கிறது. ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் பொது எல்லையே இல்லையே, பிறகெப்படிச் சண்டை என்று கேட்டவர்களுக்குப் பாடநூல் வரைபடத்தைக் காட்டிச் சமாளிக்க வேண்டியிருந்தது. 1914 எல்லைகளைச் சார்ட் தாளில் பெரிதாக வரைந்து, முதல் நாளே மாட்டிவிட வேண்டும்.